மங்கா ஓட்டம்

"குதிங்காலக் காட்டு" என்றார் சின்னக்குழந்தை.

எதிரே நின்ற வாலிபன் ஒரு காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தான். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற தரகருக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது. "இது செருப்பு போட்டு வளந்த காலு. எறக்கத்துல வேகம் காட்டாத. முன்னால போறவன் மேல உருண்டுடுவ" என்று சொல்லிக் காலைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது நான். ஓட வரவில்லை, பத்திரிகைக்கு எழுத வந்திருக்கிறேன் என்று சொல்லியும் விடவில்லை. என் காலைக் கையில் வாங்கியதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இது பஸ்ஸுல போற காலு. நாளைக்கு நீங்க ஓட்டத்துப் பக்கமே வராதீங்க. கீழ போயி மண்டிக்காரரு வண்டில குந்திக்கங்க" என்றார். பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பதற்குத் தவிர நான் ஓடியதில்லை என்பது உண்மைதான். ஆலங்காயத்திலிருந்து மலையேறி வந்த களைப்பில் மறுத்துப் பேசத் தெம்பும் இல்லை.

ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். தன் வீட்டு வாசற்படியிலேயே தினமும் தலையை இடித்துக்கொள்கிற இந்த மனிதருக்குப் பெயர் சின்னக்குழந்தை. தொட்டிலில் கிடந்தபோது வைத்த பெயர். அன்றைக்குப் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். அத்திக்கொல்லையில் மேட்டு நிலத்தில் சாமை போடுகிறார். பருவத்தில் புளி உலுக்குகிறார். ஆனால் ஜவ்வாது மலையின் இந்தப் பக்கத்து ஊர்களில் அவர் பெயரைச் சொன்னால், "யாரு, முன்தோள்காரரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

மலைமேல் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஆலங்காயத்து ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். பஸ் கிடையாது. மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, நோயாளியை அதில் கிடத்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள்கொடுத்து ஓட்டமும் நடையுமாக இறங்குவார்கள். அதுதான் டோலி. பின்தோள்காரருக்கு டோலியைத் தவிர ஒன்றும் தெரியாது. கல்லும் முள்ளும் பள்ளமும் முன்தோள்காரர் கண்ணில்தான் பட வேண்டும். அந்த வேலையைச் செய்து செய்துதான் சின்னக்குழந்தை ஆளைப் பார்த்தால் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கிறார்.

தூரத்தை அவர் மைலில் சொல்ல மாட்டார். ஒரு தோள் வலித்து மறு தோளுக்கு மூங்கிலை மாற்றுகிற தூரம் அவருக்கு ஒரு தோள். ஆலங்காயம் எவ்வளவு தூரம் என்றால் இத்தனை தோள் என்பார். வாணியம்பாடி எத்தனை தோள் என்று கேட்டேன். "அங்க பஸ்ஸு போவுது சார். அது எனக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?" என்றார். இன்னொரு விசித்திரமும் உண்டு. தோளில் ஏதாவது இல்லாமல் அவருக்கு ஓட வராது. கொல்லையில் புகுந்த ஆட்டை விரட்டுவதற்குக்கூட முதலில் ஒரு மூங்கில் கழியைத் தேடித் தோளில் வைத்துக்கொள்வார். "இவுரு கழி தேடறதுக்குள்ள ஆடு மேஞ்சி முடிச்சி, தண்ணி குடிச்சி, வூட்டுக்கே வந்து படுத்துக்கும்" என்கிறாள் அவர் மனைவி கன்னியம்மாள்.

டோலிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறியவர் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் பாதையோரத்தில் ஓர் எல்லைக் கல். அத்திக்கொல்லை ஆட்கள் தங்கள் கல் வரைக்கும்தான் தூக்குவார்கள். அங்கிருந்து நடுக்கொல்லை ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள். அதற்கப்புறம் ஈச்சங்கொல்லை ஆட்கள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போவார்கள். வருகிற டோலிக்குத் தோள் கொடுக்காத ஊர் என்ற பெயரை எந்த ஊரும் தாங்காது. அதேபோல், தோளைக் கொடுத்த பிறகும் கூடவே போகிறவனைப் பார்த்தால் அடுத்த ஊர்க்காரனுக்குக் கோபம் வரும். "எங்க தோளு இன்னா முறிஞ்சா பூடுச்சி?" என்று கேட்டுவிடுவான். நோயாளிக்கு உறவுக்காரர்கள் மட்டும் கடைசி வரை போகலாம். மற்றவர்கள் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

அடுத்த ஊரில் தோள் தயாராக நிற்க வேண்டுமானால் டோலிக்கு முன்னால் ஓர் ஆள் ஓடிச் சொல்ல வேண்டுமே. அப்படி ஓடியவள் மங்கம்மாள், சின்னக்குழந்தையின் மூத்த மகள். ஊருக்கு மங்கா. பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் ஆலங்காயத்துப் பிள்ளைகளையெல்லாம் பின்னால் விட்டு ஓர் எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தவள். அந்தத் தட்டில் யாரையும் சாப்பிட விட மாட்டாளாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முகம் பார்க்கக் கொடுப்பாளாம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "தோளு வேணும்! தோளு வேணும்! பின்னால எங்க நைனா வருது!" என்று கத்திக்கொண்டே மலையிறங்குவாள். ஈச்சங்கொல்லைக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வேடியப்பன் சொன்னார்: "அந்தச் சத்தம் கேட்டா சோத்துல வச்ச கையக் கழுவ மாட்டோம் சார். அப்டியே எழுந்து ஓடுவோம்."

பதினாறு வயதில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. ஐப்பசி மழையில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அத்திக்கொல்லைக் கல்லுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, முன்னால் ஓட ஆளையே அனுப்பவில்லை என்று. யாருக்கும் தோன்றவில்லை. முன்னால் ஓடுவது என்றால் மங்கா. அந்த மங்கா டோலிக்குள் கிடந்தாள். தோள் வரும்வரை மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

தாமதத்தால் எதுவும் கெடவில்லை, காய்ச்சல் அப்படிப்பட்டது என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் சில நாள் உயிரோடுதான் இருந்தாள். அந்தச் சில நாளைப் பற்றிச் சின்னக்குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நோயாளிக்கு ரொட்டி குடுப்பாங்க, பாலு குடுப்பாங்க. கூட வந்தவனுக்கு யாரு குடுப்பா? ஓட்டல்ல குந்தித் துன்ன எங்ககிட்ட இன்னா கீது? நானும் இவளும் கொழா தண்ணியக் குடிச்சிட்டு வராண்டாவுல கெடந்தோம். அந்தப் புள்ள கண்டுபிடிச்சிடுச்சி. துன்ன மாதிரி காட்டிட்டு ரொட்டிய தலகாணி அடில ஒளிச்சி வச்சிக்கும். நாங்க உள்ள போனா எடுத்துக் குடுக்கும்." மீதியைக் கன்னியம்மாள்தான் சொன்னாள். "அது போனப்பறம் படுக்கைய எடுத்தாங்க. அடில ரொட்டி இருந்துச்சி."



மகள் என்ற சொல்லும் மங்கா என்ற பெயரும் அவர் வாயில் வருவதில்லை. 'அந்தப் புள்ள'தான். ஊராரும் அவர் எதிரே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆறுகிற புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று எல்லோருக்கும் நல்ல எண்ணம். அவர் வருவதைக் கண்டால் பேச்சு சட்டென்று மழைக்கும் சாமைக்கும் மாறிவிடும்.

ஆனால் அவருக்கு ஓர் எண்ணம் மட்டும் விடாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கஞ்சிப் பானை வைக்க வேண்டும். மலையிலிருந்து நோயாளியோடு வருகிறவர்கள் யாரும் வராண்டாவில் பட்டினி கிடக்கக் கூடாது. காய்ச்சக் கன்னியம்மாள் தயார். முறைபோட்டு இறங்கி வர மற்றப் பெண்களும் தயார். பானைக்குள் போடத் தானியம் வேண்டுமே? அவரிடம் புளி வாங்குகிற ஆலங்காயத்து மண்டிக்காரர் கண்ணாயிரம்தான் வழி சொன்னார். வெளியூரில் ஏதோ ஒரு சங்கத்தார் தர்மத்துக்காக ஓட்டம் நடத்தியதைப் பார்த்து வந்தவர் அவர். "அந்தப் பொண்ணு பேர்ல ஓடுங்கய்யா. அத்திக்கொல்லையிலேர்ந்து எங்க மண்டி வாசல் வரைக்கும் முழுசா ஓடி வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரக்கா கேவுறு நான் போடறேன். மத்த மண்டிக்காரங்களயும் போட வைக்கறேன்" என்றார்.

போன வருஷம் முதல் ஓட்டம். மலையே ஓடி வந்தது. ஓடி வந்து பாதியிலேயே நின்றும்விட்டது. அத்திக்கொல்லைக்காரர்கள் தங்கள் கல் வரைக்கும் மூச்சுமுட்ட ஓடினார்கள். அங்கே காத்திருந்த நடுக்கொல்லைக்காரர்களின் தோளைத் தொட்டுக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடுக்கொல்லைக்காரர்களும் அப்படியே. மாலையும் கையுமாக மண்டி வாசலில் நின்ற கண்ணாயிரத்தின் முன்னால் ஈச்சங்கொல்லை ஆட்கள் நாலைந்து பேர் வியர்வைகூட இல்லாமல் வந்து நின்றார்கள்.

"மேலேர்ந்து கெளம்பினவங்க எங்கய்யா?" என்றார் கண்ணாயிரம்.

"வந்தாங்களே. கல்லு வரைக்கும் வந்தாங்க. குடுத்துட்டுப் போய்ட்டாங்க."

"இன்னாத்தக் குடுத்தாங்க?"

"தோளத்தான்."

கண்ணாயிரம் கெட்ட மனிதர் இல்லை. வார்த்தையையும் தராசில் வைத்துப் பேசுகிறவர், அவ்வளவுதான். முழுசாக ஓடியவனுக்கு என்றுதான் சொன்னேன், சொன்னதைத்தான் செய்வேன் என்றுவிட்டார். எல்லோருக்கும் பின்னால் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த சின்னக்குழந்தை ஒருவர்தான் முழுசாக ஓடியவர். அப்பனாயிற்றே, அவரை எந்தக் கல் தடுக்கும்? ஒரு மரக்கால் கேழ்வரகு கிடைத்தது. சில நாள் கஞ்சி காய்ச்சினார்கள். பிறகு பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள்.

அந்தக் கவிழ்ந்த பானை அவரைத் தூங்க விடவில்லை. கல்லை மீறி ஓடச் சொன்னால் மலை கேட்காது. கல்லுக்காக வார்த்தையை மாற்றச் சொன்னால் மண்டி கேட்காது. நாள் கணக்கில் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். பிறகு ஒரு நாள் கிளம்பி நடுக்கொல்லைக்கும் ஈச்சங்கொல்லைக்கும் போனார். "ஒறவுக்காரன் கல்லத் தாண்டலாம் இல்ல? அப்ப எல்லாரும் அந்தப் புள்ளைக்கு ஒறவாயிடுங்க" என்று கேட்டார்.

கேட்பது சுலபம். வேடியப்பன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்ன பதில் இது: "ஒறவுன்னா வாய்ச்சொல்லாப்பா? எல்லக் கல்லுகிட்ட நின்னு சொன்னா சொன்னதுதான். நாளைக்கு உன் வூட்டுல நல்லது கெட்டதுன்னா சீரு எடுத்துக்கினு வரணும். அந்தப் புள்ள படையலுக்கு வருசா வருசம் வந்து நிக்கணும்."

"வாங்க. இன்னா இப்ப? வந்தா எறக்கி வைக்க எங்க வூட்டுல எடம் கீது" என்றார் சின்னக்குழந்தை.

பெரியவர்கள் தயங்கியது சீருக்காக. இளவட்டங்கள் தயங்கியது வேறொன்றுக்காக. மங்காவுக்கு அண்ணன் என்று ஒருவன் சொல்லிவிட்டால், அவள் பெரியப்பா சித்தப்பா பெண்களுக்கும் அவன் அண்ணன். அப்புறம் அந்த வீட்டில் பெண் எடுக்க முடியாது. எவன் அண்ணன் முறைக்குத் தலையாட்டுகிறான், எவன் மாமன் முறைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான் என்பதை வைத்தே, அத்திக்கொல்லையில் யாருக்கு எந்தப் பெண்மேல் கண் என்று மலைக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. நடுக்கொல்லை ரங்கன் மட்டும் வாயே திறக்கவில்லையாம். "அவன் தொறக்காததுலயே தெரிஞ்சிபோச்சி" என்று சிரித்தாள் கன்னியம்மாள்.

கடைசிவரை யாரும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கல்லுகிட்ட வந்து பாக்கலாம்" என்றார்கள். ஒவ்வொரு கல்லிலும் நிறுத்திக் கேட்டால் ஓட்டம் பேச்சாகிவிடும் என்பதால், மலை முடிகிற அடிவாரக் கல்லில் மட்டும் கேட்பது என்று முடிவாயிற்று. நடுவில் இருக்கிற கற்களைப் புங்கந்தழையால் மூடிவிட்டார்கள், அவை பார்க்காமல் இருக்க.

ஓட்டத்துக்கு முந்தின நாள் மாலை, கடைசிக் காலையும் பார்த்து முடித்த பிறகு அவரிடம் கேட்டேன்: "நாளைக்குத் தாண்டுவார்களா?"

"ஓடறதுக்குக் காலு போதும் சார். எல்லாருதும் பாத்துட்டேன், நல்ல காலுதான். தாண்டறதுக்கு வாயி தொறக்கணுமே" என்றார். பிறகு, "தொறக்கலன்னா பானை கவுந்தே கெடக்க வேண்டியதுதான். அந்தப் புள்ள பேரு மலைமேலயே நின்னுடும்" என்றார். அவ்வளவு பெரிய உடம்பு அன்று சிறுத்துத் தெரிந்தது.

மறுநாள், எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தை மாதத்து வெயிலில், அடிவாரக் கல்லுக்கு இந்தப் பக்கம் கண்ணாயிரத்தின் மாட்டு வண்டியில் கேழ்வரகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாயிரம் போன வருஷம் மண்டியில் நின்று ஏமாந்தவர். இந்த வருஷம் நேரில் பார்த்தே தீர்வது என்று வந்துவிட்டார். கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் வேடியப்பன்.

முதலில் வந்தவன் ரங்கன். பாய்ந்து வந்தவன் கல்லைக் கண்டதும் கயிற்றால் கட்டி இழுத்ததுபோல் நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம் சேர்ந்துகொண்டே போயிற்று. யாரும் அசையவில்லை. "போன வருசம் கதைதான்" என்று கண்ணாயிரம் என் காதில் முணுமுணுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேலா, கல்மேலா தெரியவில்லை.

வேடியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். டோலியோடு வருகிற உறவுக்காரர்களைக் கேட்கிற கேள்வியை அதே குரலில் கேட்டார்.

"நீ அதுக்கு இன்னா வேணும்?"

ரங்கன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமன் முறை" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவன் கல்லைத் தாண்டிக் குதித்து ஆலங்காயத்தைப் பார்த்து ஓடினான்.

அதற்கப்புறம் மடை திறந்துகொண்டது. அண்ணன், சித்தப்பன், அத்தை மகன், பெரியம்மா என்று வாய்கள் திறந்தன. ஒரு பெண் "கூடப் படிச்சவ" என்றாள். "அது முறை இல்லியேம்மா" என்றார் வேடியப்பன். "அப்ப அக்கான்னு வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துக்கொள்ளும்வரை காத்திராமல் ஓடிவிட்டாள். நடுக்கொல்லை மாணிக்கம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வந்தாள். பிரசவத்தில் உயிர் ஊசலாடியபோது மங்கா முன்னால் ஓட, டோலியில் போனவள். மங்காவைவிட எத்தனையோ வயது மூத்தவள். "எனக்கு உசுரு குடுத்தது அது. நான் அதுக்கு மக" என்றாள். வேடியப்பன் கையைக் காட்டி வழிவிட்டார்.

கண்ணாயிரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை தவறியது. மறுபடி ஆரம்பித்தார். பிறகு வண்டிக்காரனிடம், "மொத்தத்தயும் ஆஸ்பத்திரிக்கே ஓட்டு. மீதி வேணும்னா மண்டிலேர்ந்து அனுப்பறேன்" என்றார். நான் மூட்டையிலிருந்து இறங்கிக்கொண்டேன். மாடுகள் மணியோசையோடு ஓடினவர்களுக்குப் பின்னால் போயின.

எல்லோருக்கும் பின்னால், யாரும் விழுந்து கிடக்கவில்லையே என்று பாதையைப் பார்த்துக்கொண்டு சின்னக்குழந்தை வந்து சேர்ந்தார். கல்லுக்கு மேல்பக்கத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்பதைப் பார்த்தார். தார் ரோட்டில் தூரத்தில் போகிற கூட்டத்தைப் பார்த்தார். வேடியப்பன் விலகி நின்று, "நீ போப்பா. உன்ன இன்னாத்துக்குக் கேக்கறது?" என்றார்.

அவர் போகவில்லை.

"கேளு" என்றார்.

வேடியப்பன் தலை குனிந்துகொண்டார்.

"எல்லாரயும் கேட்ட இல்ல? என்னயும் கேளுப்பா. அது போனதிலேர்ந்து என்ன யாருமே கேக்க மாட்டன்றீங்க."

வேடியப்பன் கேட்டார். "நீ அதுக்கு இன்னா வேணும்?"

"நைனா" என்றார் சின்னக்குழந்தை. குரல் வெளியே வரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். "மங்காவுக்கு நான் நைனா. எம் மக அது." இந்தத் தரம் ரோட்டில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டுத் தாண்டுவார் என்று நாங்கள் வழிவிட்டு நின்றோம். அவர் கல்லுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இன்னொரு முறை கேட்கச் சொல்லி வேடியப்பனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.